கடன் அட்டையில் செலுத்தும் பணம் எந்த நிலுவையில் முதலில் கழிகிறது?

கேள்வி

என் கடன் அட்டையில் மூன்று விதமான நிலுவைகள் இருக்கின்றன. வேறோர் அட்டையிலிருந்து சலுகைத் திட்டத்தில் மாற்றிக்கொண்டது 6,000. இதற்கு ஓராண்டுக்கு வட்டி கிடையாது. பொருட்கள் வாங்கிய வகையில் 2,000. ஆண்டு வட்டி 24 சதவீதம். ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்தது 500. அதற்கு 30 சதவீதம். சென்ற மாதம் 1,000 செலுத்தினேன். மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையான 200 போக மீதி 800, முதலில் ரொக்கக் கடனையும் பிறகு கொள்முதல் கடனையும் குறைத்திருக்கிறது. ஆனால் அந்த 200 முழுவதும் வட்டியே இல்லாத கடனில் கழிக்கப்பட்டிருக்கிறது. இது முறைதானா? எந்தக் கடனில் வரவு வைக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களா?

மறுமொழி 1

நீங்கள் எந்த நாட்டு அட்டையை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் விவரிப்பது அமெரிக்க முறையைப் போல இருக்கிறது. அங்கே 2009இல் இயற்றப்பட்டு 2010 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கடன் அட்டைச் சட்டத்தின்படி, குறைந்தபட்சத் தொகைக்கு மேல் செலுத்தும் பணம் அதிக வட்டியுள்ள நிலுவையில்தான் முதலில் கழிக்கப்பட வேண்டும். குறைந்தபட்சத் தொகையை எங்கே கழிப்பது என்பதை மட்டும் சட்டம் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பெரும்பாலும் அது வட்டி குறைந்த கடனுக்கே போகிறது. பிரிட்டனில் 2011 முதல் செலுத்தும் தொகை முழுவதுமே அதிக வட்டியிலிருந்து தொடங்கிக் கழிக்கப்படுகிறது. கனடாவில் குறைந்தபட்சத்துக்கு மேற்பட்ட தொகையை, அதிக வட்டி முதலில் என்றோ நிலுவைகளின் விகிதப்படி பகிர்ந்தோ கழிக்கலாம்.

இந்த வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை உங்கள் எண்களையே வைத்துப் பார்க்கலாம். மாதம் 1,000 வீதம் ஆறு மாதம் செலுத்துகிறீர்கள், புதிதாக எதுவும் வாங்கவில்லை என்று கொள்வோம். அந்தச் சட்டத்துக்கு முன்பு வழக்கமாக இருந்தபடி, வட்டி குறைந்த கடன் முதலில் என்றால், ஆறு மாதமும் உங்கள் பணம் வட்டியில்லாத 6,000ஐ மட்டுமே அடைத்துக்கொண்டிருக்கும். மற்ற இரண்டு கடன்களும் தொடப்படாமல் மாத வட்டிக்கு வட்டி சேர்ந்து சுமார் 332 கூடியிருக்கும். அதிக வட்டி முதலில் என்றால், மூன்றாவது மாதத்திலேயே அவ்விரண்டும் தீர்ந்துவிடும். மொத்த வட்டி சுமார் 95தான். கையிலிருந்து போனது இரண்டிலும் அதே 6,000. முன்னதில் எஞ்சும் 2,832 முழுவதற்கும் வட்டி ஓடும். பின்னதில் எஞ்சும் 2,595க்கு, சலுகைக் காலம் முடியும் வரை, வட்டியே இல்லை.

எழுதிக் கொடுப்பதைப் பொறுத்தவரை, கேட்பதில் தவறில்லை. ஆனால் பொதுவாக நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல.

மறுமொழி 2

மேலே சொன்னதில் ஒரு விதிவிலக்கைச் சேர்க்க வேண்டும். "குறித்த காலத்துக்குள் முழுவதையும் அடைத்தால் வட்டி இல்லை, தவறினால் வாங்கிய நாளிலிருந்தே வட்டி" என்ற வகைத் திட்டத்தையும் வட்டியில்லாச் சலுகையையும் பலர் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்க விதிப்படி, அத்தகைய திட்டம் முடிவதற்கு முந்தைய இரண்டு பில்லிங் சுழற்சிகளில் (ஒரு ஸ்டேட்மென்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு சுழற்சி), குறைந்தபட்சத்துக்கு மேற்பட்ட பணம் அந்தக் கடனுக்கே முதலில் போக வேண்டும். ஆனாலும் கடைசி இரண்டு மாதங்களை நம்பியிருப்பது ஆபத்தானது என்பது என் கருத்து.

இந்தியாவில் வரி, கட்டணம், தவணை, வட்டி ஆகியவற்றுக்குப் பிறகே ரொக்கக் கடனும் கொள்முதலும் என்ற வகையிலான வரிசையை அட்டை நிறுவனங்கள் தங்கள் விதிமுறைகளில் எழுதி வைத்திருக்கின்றன. குறைந்தபட்சத் தொகையைச் செலுத்திய பிறகும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி அந்தத் தொகையை நிர்ணயிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது.

எந்த நாடாயினும் ஒன்று பொருந்தும்: சலுகையில் மாற்றிய கடன் இருக்கும் அட்டையில் புதிதாக எதையும் வாங்காதீர்கள். முந்தைய நிலுவை முழுவதும் அடைபடாதபோது கொள்முதலுக்கான வட்டியில்லா நாட்கள் பல அட்டைகளில் பறிபோய், வாங்கிய நாள் முதலே வட்டி ஏறத் தொடங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

விளக்கங்களுக்கு நன்றி. அமெரிக்க அட்டைதான். இன்னொரு சந்தேகம்: 500 ரொக்கக் கடன் முழுவதும் தீர்ந்ததாக ஸ்டேட்மென்ட் காட்டுகிறது, அப்படியிருந்தும் அதே ஸ்டேட்மென்டில் ரொக்கத்துக்கான வட்டி என்று 7.40 போட்டிருக்கிறார்கள். இது தவறுதானே?

மறுமொழி 1

தவறாக இருக்க வாய்ப்பில்லை. வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது. முந்தைய ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய தேதிக்கும் இடையே 18 நாட்கள் இருந்திருந்தால், 500க்கு 30 சதவீதத்தில் அந்த நாட்களுக்கான வட்டி சரியாக அவ்வளவுதான் வரும். கெடுத் தேதி வரை காத்திராமல் ஸ்டேட்மென்ட் வந்தவுடன் கட்டியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். இந்த 7.40ஐயும் அடுத்த கெடுவுக்குள் கட்டிவிடுங்கள், இல்லையெனில் அதற்கும் வட்டி சேரும்.