இடுப்பு தாண்டின முடி, நுனியெல்லாம் தும்பாப் போகுது: வெட்டாமல் வழி இருக்கா?

நீட்டுப்பின்னல்

எல்லாருக்கும் வணக்கம். நான் திருமலைக்குப் பக்கத்தில சாம்பல்தீவு. வேலை டவுனில, ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டியில போய் வாறன். 2020இல் ஊரடங்குக்கு சலூனெல்லாம் பூட்டிக் கிடந்த நேரம் வெட்டாமல் விட்டது, பிறகு ஆசையில அப்பிடியே வளர்த்துட்டன். இப்ப இடுப்புக்குக் கீழ நிக்குது.

வறண்ட கச்சான் காத்து தொடங்கினதில இருந்து நுனி வெடிச்சு வெடிச்சுப் போகுது. நேற்று இரவு லைட்டுக்குக் கீழ இருந்து ஒரு முடியைப் பிடிச்சுப் பார்த்தன். நுனி ரெண்டாப் பிரிஞ்சு, அதில ஒண்டு திரும்பவும் ரெண்டாப் பிரிஞ்சு கிடந்தது. வேற சிலதில இடையில ஒரு வெள்ளைப் புள்ளி, இழுத்தா அந்த இடத்திலயே முறியுது. பின்னலின்ட கடைசி நாலு விரலளவு எலிவால் மாதிரி.

வீட்டுக் கிணறு கொஞ்சம் உவர். ஞாயிற்றுக்கிழமையில அக்காட பிள்ளைகளோட உப்புவெளிக் கடலில குளிக்கிறதும் உண்டு. ஒரு சலூனில நுனியை ஒட்டுற சீரம் எண்டு ஒரு போத்தல் தந்தாங்க. போட்ட அண்டைக்கு மினுங்கிச்சு, முழுகினதோட பழையபடி. காசு போனதுதான் மிச்சம்.

ஆவணியில தங்கச்சிட கலியாணம். பின்னிப் பூ வைக்கோணும் எண்டு எவ்வளவு ஆசையா இருக்கிறன். வெட்டாமல் ஒட்ட வைக்க ஏதும் இருக்கா?

மூதூர்க்காரி

எங்கட உம்மா செவ்வரத்தை இலையைக் கசக்கி அந்தச் சாறிலதான் எங்களுக்கு முழுக வார்ப்பா. முடி வழுவழுப்பா, சிக்கில்லாம இருக்கும். வெடிச்ச நுனி அதால ஒட்டினதா ஞாபகம் இல்ல. மெழுகுதிரியில நுனியைச் சுட்டா சரியாகும் எண்டு ஒரு வீடியோ பார்த்தன், ஆராச்சும் செய்து பார்த்திருக்கிறீங்களா?

கொண்டைமாலை

மெழுகுதிரியா? தயவுசெய்து வேண்டாம் பிள்ளையள். நெருப்புப் பட்ட முடி உருகிக் கறுத்து மணி மணியா நிக்கும், கொஞ்ச நாளில அதுக்கு மேல திரும்பவும் வெடிக்கும்.

தங்கச்சி, நான் திருமலையில 17 வருசமா மணப்பெண் அலங்காரம் செய்யிறன். எத்தனையோ நீட்டு முடியைக் கையில பிடிச்சுப் பின்னியிருக்கிறன், அதால உள்ளதைச் சொல்லுறன். வெடிச்ச நுனி ஒட்டாது. தோலுக்கு வெளிய நிக்கிற முடிக்கு உயிரில்லை, காயம் ஆறுற மாதிரி அது ஆறாது. சீரம் அடுத்த முழுக்கு வரைக்கும் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். விட்டா வெடிப்பு மேல ஏறும். இண்டைக்கு ஒரு விரல் வெட்டப் பஞ்சிப்பட்டா, பிறகு ஒரு சாண் வெட்ட வரும்.

ஒண்டை யோசிச்சுப் பாருங்கோ. முடி மாசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில, வருசத்துக்கு 15 சென்ரிமீற்றர் வரையில வளரும். உங்கட பின்னல் நுனியில நிக்கிறது அஞ்சாறு வருசத்துக்கு முந்தி முளைச்சது. அவ்வளவு வெயிலும் உப்பும் சீப்பும் பட்டது அந்தத் துண்டுதான். முடியின்ட வெளிப்பக்கம் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். அது தேய்ஞ்சு போனா உள்ளுக்க இருக்கிற நார் பிரியும். அந்த வெள்ளைப் புள்ளியும் அப்பிடி நார் பிஞ்ச இடம்தான்.

அதால என்ன பூசுறது எண்டதை விட, எது தேய்க்குது எண்டு பாருங்கோ. நான் கேக்கிறன், ஸ்கூட்டியில போகேக்க பின்னலை எங்க விடுறீங்க?

கடலுக்குப் போக முதல் நல்ல தண்ணியில தலையை நனைச்சுப் போட்டு இறங்குங்கோ. முதலே தண்ணி குடிச்ச முடி உப்புத்தண்ணியைக் குறைவாத்தான் இழுக்கும். எண்ணெய் பூசி இறுக்கமில்லாமல் பின்னிக்கொண்டு போங்கோ, வந்த கையோட நல்ல தண்ணியில அலசுங்கோ. ஈர முடி இழுபடும், லேசில அறும். துவாயால உரஞ்சாமல் பழைய பருத்திச் சாரத்தால ஒத்தி எடுங்கோ. தலை இழுக்கேக்க நுனியில தொடங்கி மேல வரோணும், அதுவும் பெரிய பல்லுச் சீப்பால.

எண்ணெயில தேங்காயெண்ணெய்தான். அம்மம்மா காலத்துப் பழக்கம் எண்டதுக்காகச் சொல்லேல்ல. 2003இல் வந்த ஒரு ஆய்வில தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஒயில் மூண்டையும் பூசிப் பார்த்தாங்க. முடியில இருந்து புரதம் போறதைக் குறைச்சது தேங்காயெண்ணெய் மட்டும்தான், அது நாருக்குள்ள இறங்கும். முழுகிறதுக்கு முதல் நாள் இரவு நுனிக்கு நல்லாப் பூசுங்கோ, உச்சிக்குக் கொஞ்சம் காணும்.

நீட்டுப்பின்னல்

அக்கா, நீங்க கேட்டாப் பிறகுதான் கவனிச்சன். பின்னல் முதுகுக்கும் முதுகுப்பைக்கும் இடையில கிடக்குது! இருபது நிமிசம் போக, இருபது நிமிசம் வர. பையின்ட சிப்பில நாலஞ்சு முடி சிக்கி அறுந்து நிண்டதை இண்டைக்குத்தான் கண்டன். அந்த எலிவால் சரியா அந்தச் சிப் படுற உயரத்தில தொடங்குது. அழுகையே வந்துட்டுது.

எவ்வளவு வெட்டோணும்? வீட்டில தையல் கத்தரிக்கோல் இருக்கு.

கொண்டைமாலை

அழாதேங்கோ, காரணம் ஆப்பிட்டுது எண்டு சந்தோசப்படுங்கோ. தையல் கத்தரிக்கோல் வேண்டாம். துணி வெட்டி மொட்டையானது முடியை நசுக்கும், நசுங்கின இடம் திரும்ப வெடிக்கும். முடிக்கெண்டே விக்கிற கூரான கத்தரிக்கோல் ஒண்டு வாங்கி வைச்சா, அதை வேற ஒண்டுக்கும் தொடாதேங்கோ.

இப்ப ஒரு தரம் அந்த நாலு விரலையும் விட்டுட வேணும். கலியாணத்துக்குப் பின்னல் கட்டையாத் தெரியாது, நான் பூச்சரத்தோட குஞ்சம் வைச்சுக் கட்டினா ஆருக்கும் விளங்காது. நுனி தடிச்சு நிண்டாத்தான் குஞ்சமும் வழுக்காமல் பிடிக்கும்.

பிறகு ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, காய்ஞ்ச முடியைப் பென்சில் மொத்தத்தில பிரிச்சு எடுத்து முறுக்குங்கோ. மடியில கறுப்புச் சீலை விரிக்காதேங்கோ, வெளிறின சீலை விரிச்சாத்தான் கறுப்பு முடி தெரியும். முறுக்கில இருந்து வெளிய நீட்டிக்கொண்டு நிக்கிற வெடிச்ச நுனியை, வெடிப்புக்கு அரைச் சென்ரிமீற்றர் மேல வைச்சு வெட்டுங்கோ. வெடிப்பிலயே வெட்டினா அது ஏறிக்கொண்டுதான் இருக்கும். நீளத்தில கை வைக்கத் தேவையில்லை.

நாளைக்குப் போகேக்க பின்னலைச் சுருட்டிக் கொண்டையாப் போட்டு, ஹெல்மெட்டுக்குக் கீழ பருத்தித் துண்டு ஒண்டு கட்டுங்கோ.

நீட்டுப்பின்னல்

ஓம் அக்கா. சனிக்கிழமை அம்மாவைக் கொண்டு வெட்டுவிக்கிறன். பையை இண்டைக்கே ஸ்கூட்டியின்ட முன்கொழுவியில மாட்டிக்கொண்டு வந்துட்டன்.