அம்மாவின் ஈறு நோய்: ஆழச் சுத்தம் செய்துகொண்டவர்களின் அனுபவம் தேவை

வணக்கம். சர்க்கரை நோயுள்ள என் அம்மாவுக்கு வயது 61. பல் துலக்கித் துப்பும் நுரை சில மாதங்களாக இளஞ்சிவப்பாக இருப்பதைக் கண்டு, வற்புறுத்திப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விட்டுப் பார்த்த மருத்துவர், 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய ஆழம் கீழ்க் கடைவாய்ப் பற்களில் 6 வரை இறங்கியிருப்பதாகவும், மரத்துப்போகும் ஊசி போட்டு, பல் வேரில் படிந்த காரையை (கெட்டியான அழுக்குப் படிவத்தை) இரண்டு முறையாகச் சுரண்டி எடுக்க வேண்டும் என்றும் கூறினார்.

அம்மா மறுக்கிறார். சுத்தம் செய்த பிறகு பக்கத்து வீட்டு அத்தைக்குப் பல் ஆடியதாம். பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்ததால், பற்களைப் பிணைத்திருந்த காரை நீங்கியதும் ஆட்டம் வெளிப்பட்டிருக்கும் என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. உப்பு நீர் கொப்பளித்தால் போதும் என்கிறார். அது வீக்கத்தைச் சற்றுத் தணிக்கலாமே தவிர, கெட்டிப்பட்ட காரையைக் கரைக்காது. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு மோசமாகும், ஈறு அழற்சி நீடித்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும் என்பதால், எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8.9 சதவீதமாக இருக்கும் நிலையில் தள்ளிப்போட எனக்குத் துணிவில்லை.

நீரிழிவுடன் இச்சிகிச்சை செய்துகொண்டவர்கள், வலியும் பல் கூச்சமும் எத்தனை நாள் நீடித்தன, என்ன சாப்பிட முடிந்தது என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். என் பேச்சைவிட உங்கள் வார்த்தைக்கு அம்மா செவிசாய்ப்பார். கை நடுக்கத்தால் பல்லிடை நூலை அவரால் பிடிக்க முடியவில்லை. நீளமான கைப்பிடியுள்ள பல்லிடைத் தூரிகை பயன்படுத்துவோர் எந்த அளவுத் தூரிகை பொருந்தியது என்றும் தெரிவிக்கவும். கைவைத்தியக் குறிப்புகள் வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.