அரசியல் சாய்வின் வேர் மனசிலா, வீட்டிலா? குமரியில் கேட்டுப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தக்கலை வாசி: கண்டிப்பை விரும்புகிறவர் வலது பக்கம், புதுமையை விரும்புகிறவர் இடது பக்கம் என்று உளவியல் சொல்வதை நம் மாவட்டத்தில் வீடு வீடாகக் கேட்டால் எங்கே இடறுகிறது? சொந்தக் கதை வேண்டாம், களத்தில் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் போடுங்க.

வினாத்தாள்காரர்: முதல் வேலை, இடது-வலது கோட்டைத் தூக்கிப் போடுவது. 0 முதல் 10 வரை கோடு வரைந்து நீட்டினால் புரியாதவர் எல்லாம் மரியாதைக்கு 5-ல் விரல் வைத்துவிடுவார். களியக்காவிளைப் பக்கம் 'இடது' என்றால் அது மனப்பாங்கே இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்து இடது முன்னணியின் பெயர்.

அதைவிட நல்லது, 1992 முதல் அமெரிக்கத் தேர்தல் ஆய்வில் கேட்டுவரும் பிள்ளை வளர்ப்புக் கேள்விகள். பிள்ளைக்கு எது முக்கியம் என்று நான்கு ஜோடி: மூத்தோரை மதிப்பதா, தன் காலில் நிற்பதா; சொன்னபடி கேட்பதா, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதா; நல்ல பழக்கமா, எதையும் துருவிக் கேட்கும் ஆர்வமா; அடக்க ஒடுக்கமா, பிறர்மேல் அக்கறையா. கட்டுப்பாட்டுப் பக்கம் 1, மறுபக்கம் 0, 'ரெண்டும்' என்றால் 0.5. கூட்டி நான்கால் வகுத்தால் ஒருவரின் மதிப்பெண். கட்சிப் பெயரே வராததால் வாசலில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

இடறல் முதல் ஜோடியிலேயே. "ரெண்டும் வேணும்லா மக்கா" என்று பாட்டி முடித்துவிடுவார். 'ரெண்டும்' என்பதை நீங்களாக வாசித்துக் காட்டாதீர்கள், அவர் வாயில் வந்தால் மட்டும் குறியுங்கள். "பத்து வயசுப் பிள்ளை விருந்தாளி முன்னால தாத்தா சொன்னது தப்புன்னு சொன்னா?" என்று காட்சியாக மாற்றினால் பதில் பிரியும். ஆனால் அப்படி மாற்றிய எண்ணை அமெரிக்க எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

நாகர்கோவில் 2: 'ஆமா' நோயை மறக்காதீங்க. சர்வாதிகார மனப்பாங்கை அளக்க 1950-ல் அடார்னோ குழு வெளியிட்ட எஃப் அளவுகோலில் வாக்கியங்கள் எல்லாம் ஒரே திசை. எதற்கும் தலையாட்டுகிறவர் சர்வாதிகார மனம் உள்ளவராகப் பதிவாகிவிடுவார். பின்னால் உளவியலாளர் ஆல்ட்மேயர் தன் அளவுகோலில் சரிபாதி வாக்கியங்களை எதிர்த் திசைக்குத் திருப்பிப் போட்டார். தமிழில் திருப்பும்போது "கூடாது என்பது சரியல்ல" என்று எழுதினால் கேட்பவரும் குழம்புவார், சொல்பவரும் குழம்புவார். "அதிகாரி தப்பு செஞ்சா பொதுவுல கேட்கணும்" என்று நேராகவே எழுதுங்க.

கல்குளத்தான்: கேள்வியை விடக் கணக்கில்தான் பெரிய ஓட்டை. 2011 கணக்கெடுப்பில் இங்கே இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85. கண்டிப்பான இந்து வீடு ஒரு கட்சி, அதே அளவு கண்டிப்பான கிறிஸ்தவ வீடு எதிர்க்கட்சி என்று வைத்துக்கொள்ளுங்க. மாவட்டம் முழுக்க ஒன்றாகப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்து, சுபாவத்துக்கும் கட்சிக்கும் தொடர்பு பூஜ்யம் என்று வரும். மதம், சாதி, தாலுகா வாரியாகப் பிரித்துவிட்டு அப்புறம் பாருங்க. என் கணிப்பு, சுபாவம் கட்சியைத் தேர்வதில்லை; வீடு கொடுத்த கட்சியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கணும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது.

பிள்ளைக்குப் பெற்றோரின் கொள்கையை விடக் கட்சிதான் நன்றாகக் கைமாறும் என்று 1965-ல் அமெரிக்கப் பள்ளி மாணவரையும் பெற்றோரையும் சேர்த்துக் கேட்ட ஆய்வே காட்டியது. அதனால் தாத்தாவின் கட்சியையும் கேளுங்க. குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய, 1956 நவம்பர் 1 இணைப்புக்கு முந்தைய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், 1969-ல் காமராஜர் நின்ற நாகர்கோவில் இடைத்தேர்தல், இவை இன்னும் பேரன் வாயில் வரும். வயதைக் கேட்காமல் பிறந்த வருஷத்தைக் கேளுங்க. பதினேழிலிருந்து இருபத்தைந்து வரை பார்த்தது ஆழமாகப் பதியும் என்பது பழைய கருதுகோள். 1957-65-ல் பிறந்தவருக்கு அந்த வயதில் வந்தது, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய 1982 மண்டைக்காடு கலவரம். கலவரத்தைப் பற்றி நேரடியாகக் கேட்காதீங்க, "82-ல எந்த ஊர்ல இருந்திய?" போதும்.

இன்னொன்று. டீசல் மானியம், ரப்பருக்கு ஆதரவு விலை, ரேஷன் எல்லாம் அரசு தரணும் என்பவரே மகள் கல்யாணத்தில் சாதி மாறச் சம்மதிக்க மாட்டார். இதை முரண்பாடு என்று அழித்துவிடாதீங்க. பொருளாதாரத்துக்கு ஒரு அளவு, பண்பாட்டுக்கு ஒரு அளவு, தனித்தனியாக வைங்க.

தக்கலை வாசி: பயந்தால் வியர்வையில் மாறும் தோல் மின்கடத்துத்திறனை அளக்கும் கருவி வாங்கலாமா? பயந்தவர் பழமைவாதி என்று படித்த ஞாபகம்.

வினாத்தாள்காரர்: காசு வீண். நீங்க படித்த ஆய்வு 2008-ல் வந்தது, நெப்ராஸ்காவில் 46 பேரை வைத்துச் செய்தது. 2020-ல் பல மடங்கு ஆட்களோடு திரும்பச் செய்தபோது அந்தத் தொடர்பு வரவில்லை.

கடலோரம்: கேள்விக்கு முன்னாடி அவங்க நம்மளக் கேட்கிற கேள்வி இருக்கே, "நீ யாருக்க பிள்ளே? வீடு எங்க?" ஊரைச் சொன்னதும் சாதி, மதம், எந்தத் தேவாலயப் பங்கு எல்லாம் கணக்காகிவிடும். அதற்கப்புறம் வருவது பாதி உபசாரப் பதில். தவிர்க்க முடியாது, பதிவு செய்யலாம்: கேள்வி கேட்கப் போகிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து அதை ஒவ்வொரு தாளிலும் குறியுங்க, தெருக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுங்க, கடைசியில் ஆள் வாரியாகச் சராசரியை ஒப்பிடுங்க. ஒருத்தர் தாள்கள் மட்டும் தனியாகத் துருத்தி நின்றால் அங்கே ஊர் பேசவில்லை, அவருடைய தகப்பன் பேர் பேசியிருக்கு. கட்சிக் கேள்வி மட்டும் வாயால் வேண்டாம். சின்னம் அச்சிட்ட சீட்டு, பசை ஒட்டிய கவர், கடைசிப் பக்கம். வள்ளம் கரை சேர்ந்து மீன் ஏலம் முடியும் வரை குளச்சலில் யார் வாசலையும் தட்டாதீங்க.