துடிப்பை நீட்டினால் அணு எண்ணிக்கை குறைகிறது, ஏன்?

கேள்வி:
ரூபிடியம்-87 அணுக்களின் அதிகுளிர் மேகத்தை 780 நானோமீட்டர் லேசரால் நிழற்படம் (அணுக்கள் ஒளியை உறிஞ்சி விழுத்தும் நிழலின் படம்) எடுக்கிறேன். லேசர் ஒத்ததிர்விலேயே (அணு மிக அதிகமாக உறிஞ்சும் அதிர்வெண்ணில்) இருக்கிறது. ஒளிச்செறிவு தெவிட்டல் அளவு, அதாவது ஒளியைக் கூட்டினாலும் உறிஞ்சல் அதே விகிதத்தில் கூடாத நிலை (சதுர சென்டிமீட்டருக்கு 1.67 மில்லிவாட்). துடிப்பை 10 மைக்ரோவிநாடியிலிருந்து 40-க்கு நீட்டினால் எண்ணிக்கை குறைகிறது, படமும் மங்குகிறது. அணுக்கள் எங்கே போகின்றன?

பதில் 1:
போகவில்லை, ஓடுகின்றன. உறிஞ்சும் ஒவ்வொரு ஃபோட்டானும் அணுவைக் கற்றையின் திசையில் விநாடிக்கு 5.9 மில்லிமீட்டர் தள்ளும். உமிழும்போது விழும் உதை எல்லாத் திசையிலும் சிதறுவதால் சராசரியில் அடிபட்டுப்போகும். உறிஞ்சிய உதை மட்டும் சேர்ந்துகொண்டே வரும்.

உங்கள் செறிவில் மைக்ரோவிநாடிக்குச் சுமார் 9.5 ஃபோட்டான். 40-இல் 380. வேகம் விநாடிக்கு 2.2 மீட்டர், டாப்ளர் பெயர்ச்சி (ஓடும் அணுவுக்கு ஒளியின் அதிர்வெண் மாறித் தெரிவது) 2.9 மெகாஹெர்ட்ஸ். வரியகலமே (அணு உறிஞ்சும் அதிர்வெண் பட்டையின் அகலம்) 6.07 தான்! துடிப்பு முடிகிறபோது அணு தொடக்கத்தில் உறிஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்குதான் உறிஞ்சும். (விலக விலக உதையும் குறைவதால் உண்மை மதிப்புகள் சற்றுக் கீழே இருக்கும்.) மங்கலுக்குக் காரணம், அதற்குள் மேகம் 45 மைக்ரோமீட்டர் நகர்ந்து குவியத்தை விட்டு விலகுவது. பக்கவாட்டுச் சிதறல் 1.5 மைக்ரோமீட்டர்தான்.

கேட்டவர்:
40-லேயே வைத்து ஒளியைப் பத்தில் ஒன்றாக்கினால்?

பதில் 2:
70 ஃபோட்டான், அரை மெகாஹெர்ட்ஸ்; டாப்ளர் தொல்லை தீரும். ஆனால் நான் துடிப்பைத்தான் சுருக்குவேன். டாப்ளருக்கு ஃபோட்டான் எண்ணிக்கை மட்டுமே கணக்கு, நகர்வுக்கு நேரமும் சேர்ந்து பெருகும். அதே 70 ஃபோட்டானை முழுச் செறிவில் 7.4 மைக்ரோவிநாடியில் முடித்தால் நகர்வு 8 அல்ல, 1.5 மைக்ரோமீட்டர். ஒன்று மறக்காதீர்கள்: தெவிட்டல் திருத்தம் கட்டாயம். உள்ளே வந்த செறிவை வெளியேறிய செறிவால் வகுத்த விகிதத்தின் இயல் மடக்கையோடு, அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெவிட்டல் செறிவால் வகுத்துக் கூட்டுங்கள். முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை) சரியில்லாவிட்டால் அந்தத் தெவிட்டல் மதிப்பே மாறும். செறிவை மாற்றி மாற்றி எடுத்து, எண்ணிக்கை நகராத மதிப்பைப் பிடியுங்கள்.

எடை குறைந்த லித்தியம்-6 அணு என்றால் 20 ஃபோட்டானிலேயே பாதி வரியகலம் போய்விடும். லேசர் அதிர்வெண்ணையும் கூடவே நகர்த்தியாக வேண்டும்.

பதில் 3:
படமெடுக்கும் முன்பே மேகம் சூடாகிறதா என்றும் பாருங்கள். ஒரு ஃபோட்டான் சிதறினாலே 362 நானோகெல்வின் அளவு ஆற்றல் ஏறும். சதுர சென்டிமீட்டருக்கு ஒரே ஒரு நானோவாட் ஒத்ததிர்வு ஒளி கசிந்தாலும் அணு ஒன்றுக்கு விநாடிக்கு 11 ஃபோட்டான். அணுக்களைப் பிடித்துவைக்கும் பொறி ஆழம் குறைந்ததாக இருந்தால் காலி. ஒலி-ஒளிப் பண்பேற்றியை (லேசரை வேகமாக எரித்து அணைக்கும் கருவி) அணைப்பது போதாது, முன்னால் இயந்திர மூடி வையுங்கள். அது மூட மில்லிவிநாடிகள் எடுக்கும் என்பதால் பண்பேற்றியை முதலில் அணைத்து, பிறகு மூடுங்கள்.