மூன்று மாத சராசரி 6.2, ஆனாலும் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது

தஞ்சாவூர்க்காரி:
அப்பாவுக்கு 22 வருடமாகச் சர்க்கரை. மூன்று மாத சர்க்கரைச் சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி டெஸ்ட் எப்போதும் 8-க்கு மேல்தான் நிற்கும். போன தை மாதம் எடுத்தபோது 6.2. அம்மா, "கேழ்வரகுக் களி கிண்டினது வீண்போகலை" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நானும் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஆனால் அப்பா மாடி ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவார், முகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது, வீட்டு மிஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் சாப்பிட்ட பிறகு 240, 260 என்று வேறு காட்டியது. மிஷின்தான் கெட்டுவிட்டது என்று புது ஸ்ட்ரிப் டப்பா வாங்கினேன். அதிலும் அதே கதை.

அப்புறம் வேறு ஒரு டாக்டரிடம் போனோம். அவர் ஃபைலைத் திறப்பதற்கு முன்பே அப்பாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் குறைந்திருந்தது, ஹீமோகுளோபின் 8.4தான். "யூரின் நுரைக்குதா ஐயா?" என்றார். அப்பா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வருடமாக நுரைக்கிறதாம், அம்மா ஊற்றுகிற பினாயிலால்தான் என்று நினைத்தாராம்!

இந்த ஹெச்பிஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அதனால்தான் மூன்று மாத சராசரி என்கிறார்கள். கிட்னி கெட்டால், ரத்தம் ஊறச் சொல்கிற எரித்ரோபாய்ட்டின் ஹார்மோன் குறைந்துவிடும், இருக்கிற அணுக்களும் சீக்கிரமே செத்துப்போகும், சர்க்கரை ஒட்டுவதற்கே நேரம் கிடைக்காது. எண் பொய்யாகக் குறையும். இரும்புச்சத்து மட்டும் குறைந்தவர்களுக்கு இதே எண் பொய்யாகக் கூடுமாம், அதையும் அவர்தான் சொன்னார்.

நுரைக்குக் காரணம், கிட்னி வழியாகக் கசிகிற ஆல்புமின் என்ற புரதம். அதைக் காட்டுகிற, சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 30-க்குள் இருக்க வேண்டும். அப்பாவுக்கு 900-ஐத் தாண்டியிருந்தது. 22 வருடத்தில் ஒருவரும் அந்த டெஸ்ட்டை எழுதிக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தோமே என்றால், அது ஏறுவதற்குள் கிட்னி பாதி போய்விடுமாம். எனக்கு இன்னும் ஆறவில்லை. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். இரும்பு ஊசி, பிறகு எரித்ரோபாய்ட்டின் ஊசி. ஹீமோகுளோபின் இப்போது 10.2.

கோவை மருமகள்:
அக்கா, எங்கள் அத்தைக்கு வேறு மாதிரி. பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து பத்து நிமிடத்தில் திரும்பவும் எழுந்து போவார், இருமினால் கசியும், கல்யாண வீட்டுக்குக் கிளம்பினால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். வயசு என்று விட்டுவிட்டோம். நான்கு மாதத்தில் மூன்று தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன், மூன்று தடவையும் ஆன்டிபயாடிக். கடைசியில் ஒரு டாக்டரம்மா, "போயிட்டு வந்ததும் ஸ்கேன் எடுங்க" என்றார். போய்விட்டு வந்த பிறகும் உள்ளே 310 மில்லி! சர்க்கரையில் நரம்பு மழுங்கி, மூத்திரப்பை நிரம்பினதே அத்தைக்குத் தெரியவில்லை, வழிந்ததுதான் வெளியே வந்திருக்கிறது. தேங்கின நீரில் கிருமி வளராமல் என்ன செய்யும். இப்போது தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை போகிறார், முடிந்ததும் கொஞ்சம் உட்கார்ந்திருந்து மறுபடி முயற்சி செய்கிறார். போனில் அலாரம் அடித்தால் பேரன் "அப்பத்தா, டூட்டி" என்று கத்துகிறான்.

ஷிப்ட் வேலை:
என்னுடையது காமெடி. கம்பெனி செக்கப்பில் யூரின் சுகர் நான்கு பிளஸ் என்று வந்தது, பயந்து இரண்டு நாள் சோறே சாப்பிடவில்லை. ரத்தத்தில் 130தான். சாதாரணமாக ரத்தத்தில் 180 வாக்கில் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். பார்த்தால் எனக்குக் கொடுத்திருந்த டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையின் வேலையே சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதுதானாம், கிட்னிக்கும் நல்லதாம். யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. அந்த இடத்தில் அரிப்பு வந்ததையும் வெட்கப்பட்டு ஒரு மாதம் மறைத்தேன். பூஞ்சைதான், கிரீம் போட்டதும் சரியாகிவிட்டது. வாந்தி பேதி வந்தாலோ சாப்பிட முடியாமல் போனாலோ அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். விரதம் இருக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்க்காரி:
அந்த ஆல்புமின் டெஸ்ட்டுக்குச் சிறுநீர் எப்படிக் கொடுப்பது என்று கேட்டவருக்கு: காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் நல்லது, காய்ச்சலோ இன்ஃபெக்‌ஷனோ இருக்கும்போது வேண்டாம். டப்பாவை லேபிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கால்வாசி நிரப்பி, பேப்பர் சுற்றி, மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுபோனார், அந்தப் பெண் வாங்கவே இல்லை.