அண்ணாந்து பார்க்க முடியாவிட்டால் டூம் முன்னோடி இல்லையா?

செல்லூரான்: "துப்பாக்கி கேம்களில் குவேக் ஒன்றுதான் புதுமை, டூமில் அண்ணாந்து பார்க்கக்கூட முடியாது" என்று தல்லாகுளத்தார் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1993 டிசம்பரில் வந்த டூம், முதல் பகுதியை இலவசமாகக் கொடுத்துவிட்டு மீதிக்குத்தான் காசு கேட்டது. ஆடுபவர்களே புதிய களங்களை உருவாக்கிச் சேர்க்க வழிவிட்டது. நான்கு பேர் நெட்வொர்க்கில் மோதலாம். பின்னால் வந்தவற்றையெல்லாம் பல ஆண்டுகள் "டூம் நகல்" என்றுதான் அழைத்தார்கள். இதற்குமேல் என்ன வேண்டும்?

தல்லாகுளத்தார்: அண்ணாந்து பார்க்க முடிய வேண்டும். டூமிலோ மேலே நிற்கும் எதிரிக்கு நேராகத் திரும்பிச் சுட்டால் போதும், குண்டு தானாகவே ஏறிப்போய் அடிக்கும். அறைக்கு மேல் அறை வைக்கவும் வழியில்லை. 1996இல் குவேக் வந்த பிறகுதான் களமும் அரக்கர்களும் உண்மையான முப்பரிமாணம் ஆயின. அதே ஆண்டின் இறுதியில் இணையத்தில் ஆடுவதற்கென்றே வந்த அதன் மறுவடிவமான குவேக்வேர்ல்டில், சர்வரின் பதிலுக்குக் காத்திருக்காமல் நம் கணினியே நம் அசைவைக் கணித்துக் காட்டியது. மெதுவான மோடம் இணைப்பில் ஆடியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பழங்காநத்தம்: அண்ணாந்து பார்ப்பதுதான் அளவுகோல் என்றால், 1994இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்த மாரத்தான் என்ற கேமிலேயே அது இருந்தது. குவேக்குக்கு எதற்கு மாலை?

தல்லாகுளத்தார்: மாரத்தானை மதுரையில் யார் ஆடினார்கள்?

பழங்காநத்தம்: மதுரையில் ஆடினால்தான் புதுமையா? நல்ல நியாயம்!

திருமங்கலம் தம்பி: அண்ணன்மார்களே, 1998இன் ஹாஃப் லைஃபை மறந்துவிட்டீர்கள். நடுவே படம் போட்டு நிறுத்தாமல், நம் கண்ணெதிரிலேயே கதை நடந்தது. அதன் மேல் எழுந்ததுதான் கவுண்டர் ஸ்ட்ரைக். காளவாசல் பிரவுசிங் சென்டரில் நாம் விடிய விடிய ஆடியது எதை?

தல்லாகுளத்தார்: தம்பி, ஹாஃப் லைஃப் ஓடியதே குவேக்கின் எஞ்சினை, அதாவது கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளை, வாங்கி மாற்றியமைத்துத்தான்.

செல்லூரான்: அந்தக் குவேக்கைச் செய்தது டூமைச் செய்த அதே இட் சாஃப்ட்வேர் நிறுவனம். இரண்டுக்கும் எஞ்சின் எழுதியவர் ஜான் கார்மாக்.

தல்லாகுளத்தார்: பிறகு ஏன் டூமில் அண்ணாந்து பார்க்க விடவில்லை?

செல்லூரான்: அன்றைய 386, 486 கணினிகளில் ஓட வேண்டாமா? பார்வை மேலே கீழே சாயாமல் நேராகவே இருந்ததால்தான் சுவர்களை அவ்வளவு வேகமாக வரைய முடிந்தது. அது குறை அல்ல, கெட்டிக்காரத்தனம்.

தல்லாகுளத்தார்: காரணம் கேட்கவில்லை. முடியுமா, முடியாதா?

செல்லூரான்: உங்களிடம் பேசிப் பயனில்லை. தோற்றதும் மவுஸ் சரியில்லை என்று பாதி ஆட்டத்தில் எழுந்து போனவர்தானே நீங்கள்!

தல்லாகுளத்தார்: மவுஸில் உருண்டை சிக்கியிருந்தது. கடைக்காரரே பார்த்தார்.

திருமங்கலம் தம்பி: அன்று உங்கள் இருவருக்கும் சேர்த்துக் காசு கட்டியது நான். இன்றுவரை ஒருவரும் தரவில்லை.

தல்லாகுளத்தார்: என் பங்கை அன்றே செல்லூரானிடம் கொடுத்துவிட்டேன். அவரைக் கேள்.