நியூ ஜெர்சியில் எந்த கவுண்டி நல்லது? கொஞ்சம் அவசரம்ங்க

கோவைத்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. இந்தியாவிலிருந்து புதுசா வந்திருக்கோம். கம்பெனி குடுத்த ஹோட்டல் வர்ற வெள்ளிக்கிழமையோட முடியுது. மிடில்செக்ஸ், சாமர்செட், மோரிஸ், ஹட்சன்னு ஆளுக்கொரு கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சொல்றாங்க. ஸ்கூல் நல்லா இருக்கணும், நம்மாளுங்க இருக்கணும், வாடகையும் கட்டுப்படியாகணும். எந்த கவுண்டிக்குப் போறது? ஒரு வீட்டுக்காரர் மூணு மாச வாடகையை டெபாசிட்டா கேக்கறார், இன்னிக்கே பதில் வேணுமாம். யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

ஓக்ட்ரீரோடு:
மிடில்செக்ஸ்தான், யோசிக்கவே வேணாம். எடிசன் வந்துடுங்க. ஓக் ட்ரீ ரோட்டுல கறிவேப்பிலையிலிருந்து வெட் கிரைண்டர் வரைக்கும் கிடைக்கும். வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் பக்கத்துலயே இருக்கு. எடுத்தா வடக்கு எடிசன்ல எடுங்க, அங்க இருந்தா ஜே.பி. ஸ்டீவன்ஸ் ஹைஸ்கூல். தெற்குப் பக்கம் எடிசன் ஹைஸ்கூல். டவுன்ஷிப்பும் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) ஒண்ணு, வரி விகிதமும் ஒண்ணு, ஆனா இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டு விலையும் வாடகையும் மாறும்.

பார்சிப்பனிக்காரி:
சனிக்கிழமை ஓக் ட்ரீ ரோட்டுல கார் நிறுத்த இடம் கிடைக்குமான்னும் சொல்லுங்க அண்ணா. மோரிஸ் கவுண்டி பாருங்க, பார்சிப்பனி. 80, 287, 46 நெடுஞ்சாலை எல்லாம் அங்கேயே, நம்மாளுங்களும் நிறைய. ஒரே குறை, ரயிலுக்கு மோரிஸ்டவுனோ டென்வில்லோ போகணும், அதனால வீட்டுக்கு ரெண்டு கார் வேண்டியிருக்கும். பழைய கார்டன் அபார்ட்மென்ட் பாக்கப் போனா சுவரடியில நீளமா ஓடுற ஹீட்டரைக் குனிஞ்சு பாருங்க. தகரத்துக்குள்ள தாமிரக் குழாய் போனா வெந்நீர் ஹீட்டிங், பெரும்பாலும் வாடகையிலேயே சேர்ந்திருக்கும். குழாய் இல்லாம ரூமுக்கு ரூம் தனித் தெர்மோஸ்டாட் இருந்தா அது எலக்ட்ரிக் பேஸ்போர்டு. ஜனவரி பில்லு வந்தா வாடகையில மிச்சம் பிடிச்சது அத்தனையும் போயிடும்.

ராரிட்டன்கரை:
தம்பி, கேள்வியே கொஞ்சம் தப்பு. இங்க கவுண்டியை வச்சு வீடு தேடக்கூடாது. ஸ்கூல், போலீஸ், குப்பை, வரி எல்லாம் டவுன்ஷிப் கையில. வெஸ்ட் வின்சர் மெர்சர் கவுண்டி, பக்கத்துல இருக்கிற பிளெய்ன்ஸ்பரோ மிடில்செக்ஸ். ரெண்டுக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (பள்ளிகளை நடத்துற நிர்வாகம்) ஒண்ணுதான். தபால் முகவரியையும் நம்பாதீங்க. விளம்பரத்துல "பிரின்ஸ்டன்"னு போட்டிருக்கும், வீடு சவுத் பிரன்ஸ்விக்லயோ லாரன்ஸ்லயோ இருக்கும், பிள்ளை பிரின்ஸ்டன் ஸ்கூலுக்குப் போக முடியாது. ஐஸ்லின், கொலோனியா எல்லாம் உட்பிரிட்ஜ் டவுன்ஷிப். கெண்டால் பார்க், மன்மத் ஜங்ஷன் ரெண்டும் சவுத் பிரன்ஸ்விக். "சாமர்செட்"னு முகவரி இருந்தா அது ஃபிராங்க்ளின் டவுன்ஷிப். ஃபிராங்க்ளின் டவுன்ஷிப்ங்கிற பேர்லயே மாநிலத்துல நாலு ஊர் இருக்கு! அதனால முழு முகவரியைக் கையில வச்சுக்கிட்டு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஆபீசுக்கு போன் போட்டு, "இந்தக் கதவு எண்ணுக்கு எந்த ஸ்கூல்?"னு கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. புரோக்கர் வாக்கு செல்லாது.

கவுண்டியைப் பாக்க வேண்டிய விஷயங்களும் இருக்கு. எடிசன்ல இருக்கிற கவுண்டி அகாடமி மாதிரி பரீட்சை வச்சு எடுக்கிற பள்ளிகளுக்கு அந்தந்த கவுண்டிப் பிள்ளைங்கதான் விண்ணப்பிக்க முடியும். கம்யூனிட்டி காலேஜ் கட்டணமும் உள்ளூர் கவுண்டிக்காரங்களுக்குக் குறைவு. உங்க பிள்ளைக்கு என்ன வயசுன்னே நீங்க சொல்லலையே?

எட்டாவதுமாடி:
இப்ப வர்றவங்களுக்கு ஹோட்டலாவது குடுக்கறாங்க. நாங்கெல்லாம் மூணு மாசம் தரையில படுத்தோம், ஆறு பேருக்கு ஒரு குக்கர். எந்த கவுண்டின்னு யார் பாத்தா?

வரிகட்டி:
எந்த கவுண்டி போனாலும் பிராப்பர்ட்டி டாக்ஸ் உங்களை விடாது. சராசரியே வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலர் பக்கம், நாட்டுலயே இதுதான் உச்சம். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர்னு நாலு தவணை, அதுல பாதி அளவுக்கு ஸ்கூலுக்கே போயிடும்.

எட்டாவதுமாடி:
சொந்த வீடு இருக்கிறவங்க கவலை அது. பெர்கன் கவுண்டியில இருந்து பாருங்க, ஞாயித்துக்கிழமை ஒரு சட்டை வாங்க முடியாது. துணி, ஃபர்னிச்சர், எலக்ட்ரானிக்ஸ் கடை எல்லாம் மூடியிருக்கணும்னு சட்டம். பெட்ரோல் வேற இந்த மாநிலத்துல எங்கயும் நாமளா போட்டுக்கக் கூடாது...

பார்சிப்பனிக்காரி:
மைனஸ் டிகிரியில இறங்கி நின்னு போடணுமா? இந்த ஒரு சட்டத்தைக் குறை சொல்லாதீங்க.

பாத்பயணி:
தம்பி ஹோட்டலைக் காலி பண்ணிட்டு ரோட்டுல நிப்பார், நாம பெட்ரோல் பேசிட்டிருப்போம். கோவைத்தம்பி, நாலு விஷயம் சொல்லுங்க. ஆபீஸ் எந்த ஊர், வாரத்துல எத்தனை நாள் போகணும், குழந்தை பிறந்த தேதி, வீட்டுல கார் ஓட்டுறது யாரு?

கோவைத்தம்பி:
மன்னிச்சுக்கோங்க, பதட்டத்துல விட்டுட்டேன். ஆபீஸ் மன்ஹாட்டன் 34வது தெரு, வாரம் மூணு நாள். பாப்பாவுக்கு வர்ற அக்டோபர் 14 வந்தா அஞ்சு முடியுது. காரும் இல்லை, அமெரிக்க லைசென்சும் ரெண்டு பேருக்கும் இல்லை. அந்த வீடு எடிசன்ல ஒரு பேஸ்மென்ட்ங்க, வாடகை 1,800.

பாத்பயணி:
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதிப் பேர் வேற பதில் சொல்லியிருப்பாங்க. இங்க பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுல கிண்டர்கார்டன் சேர அக்டோபர் 1க்குள்ள அஞ்சு வயசு முடியணும். பாப்பா ரெண்டு வாரத்துல தவறுது. அதனால இந்த வருஷம் எடிசன்லயோ வெஸ்ட் வின்சர்லயோ கிண்டர்கார்டன் கிடைக்காது, தனியார் டே-கேருக்குப் போனா ஃபீஸ் மாசம் ஆயிரம் டாலருக்கு மேல கட்டணும். ஜெர்சி சிட்டி, ஹோபோகன், நியூ பிரன்ஸ்விக் மாதிரி டிஸ்ட்ரிக்டுகள்ல மூணு, நாலு வயசுக் குழந்தைங்களுக்கு முழு நாள் ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தின வகுப்பு) இலவசம், மாநிலம் பணம் குடுக்குது. உங்களுக்கு ஹட்சன் கவுண்டி ஜெர்சி சிட்டியில ஜர்னல் ஸ்கொயர் பக்கம் சரியா வரும். பாத் ரயில் (நியூ ஜெர்சிக்கும் மன்ஹாட்டனுக்கும் ஓடுறது) ஏறினா 33வது தெருவுல இறங்கலாம், அங்கிருந்து ஆபீசுக்கு நடை. நியூவார்க் அவென்யூ மளிகைக் கடைங்களும் நடக்கிற தூரம். இடம் வீட்டுப் பக்கத்துப் பள்ளியிலயே கிடைக்கும்னு சொல்ல முடியாது. டிஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் போட்ட தனியார் மையத்துலயும் போடுவாங்க, அதனால பதிவை இந்த வாரமே பண்ணுங்க. நல்ல ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்டை அடுத்த வருஷம் நிதானமாத் தேடுங்க.

ஓக்ட்ரீரோடு:
ஜெர்சி சிட்டி வாடகை தெரிஞ்சுதான் சொல்றீங்களா? எடிசனை விட மேல. எடிசன்லயும் ரயில் இருக்கு, பக்கத்துல மெட்ரோபார்க் ஸ்டேஷன்ல பெரிய பார்க்கிங் டெக்கே இருக்கு.

பாத்பயணி:
மெட்ரோபார்க் டெக்குல நிறுத்த கார் வேணுமே. ஒரு காரோட தவணை, முதல் வருஷ இன்ஷூரன்ஸ் (அமெரிக்க ஓட்டுநர் வரலாறு இல்லாட்டி எகிறும்), டே-கேர் மூணையும் கூட்டி எடிசன் வாடகையோட சேருங்க, அப்புறம் ஒப்பிடுங்க. கார் வாங்கப் போறதா இருந்தா நான் சொன்னதை மாத்திக்கறேன். ஜெர்சி சிட்டி அஞ்சலக எண்ணுக்கு இன்ஷூரன்ஸ் அதிகம், தெருவுல நிறுத்த பெர்மிட்டும் வேணும். லீஸ் போடுறதுக்கு முன்னாடி அந்த எண்ணுக்கு ஒரு கொட்டேஷன் வாங்கிடுங்க.

ராரிட்டன்கரை:
பாத்பயணி சொல்ற கணக்கு சரி. அந்த பேஸ்மென்டை விட்டுடுங்க தம்பி. இந்த மாநிலத்துல டெபாசிட் அதிகபட்சம் ஒன்றரை மாச வாடகைதான், சட்டமே அப்படி. 1,800க்கு 2,700, முதல் மாச வாடகை தனி. வீட்டுக்காரரே அதே சின்னக் கட்டடத்துல குடியிருந்தா இந்தச் சட்டம் தானாப் பொருந்தாது, நீங்க எழுத்துல 30 நாள் நோட்டீஸ் குடுத்தாத்தான் பொருந்தும். அந்த ஓட்டையிலதான் மூணு மாசம் கேக்கறாங்க. டவுன்ஷிப் அனுமதி இல்லாத பேஸ்மென்டா இருந்தா நாளைக்கு ஸ்கூல்ல முகவரிச் சான்றுக்கு அவர் கையெழுத்தும் போடமாட்டார். ஜன்னல் வழியா ஆள் வெளிய வர முடியுமான்னு பாருங்க, முடியலைன்னா அது குடியிருக்கிற இடமே இல்லை. 2021 செப்டம்பர்ல ஐடா புயல் மழையில ராரிட்டன் ஆத்துக் கரையோரம் மான்வில் பக்கமெல்லாம் முங்குச்சு, இன்னிக்கும் அங்க வாடகை மலிவா வந்தா காரணம் கேக்கணும். 2024 மார்ச்சிலிருந்து பெரும்பாலான வீட்டுக்காரங்க வெள்ள அபாயத்தை எழுத்துலயே சொல்லியாகணும், அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க.

மருந்துச்சீட்டு:
பாப்பா தடுப்பூசி அட்டையை இப்பவே எடுத்துப் பாருங்க. அரசு மருத்துவமனையில மட்டும் போட்டிருந்தா ப்ரீ-கே பதிவுல சில இடத்துல நிக்கும். பென்டாவலன்ட் (ஹிப் உட்பட அஞ்சு நோய்க்கான ஊசி) 14 வாரத்தோட முடிஞ்சிருக்கும், இங்க ஹிப் ஊசி ஒரு வயசுக்கு அப்புறம் ஒண்ணாவது வேணும். அங்க போடுறது எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா), இங்க பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். வேணும். சின்னம்மை ஊசி அரசு அட்டவணையிலயே கிடையாது. வெளிநாட்டுலிருந்து வர்ற குழந்தைக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதுக்காகச் சேர்க்கையை நிறுத்த விடாதீங்க. விசா நிலவரத்தை ஸ்கூல்ல கேக்கவும் கூடாது.

கோவைத்தம்பி:
ரொம்ப நன்றிங்க. பேஸ்மென்ட்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். ஜர்னல் ஸ்கொயர்ல நாளைக்கு ரெண்டு வீடு பாக்கறேன். கிரெடிட் ஸ்கோர் (கடன் வரலாற்று மதிப்பெண்) இல்லைங்கறாங்களே?

பாத்பயணி:
ஆஃபர் லெட்டர், ஐ-797 (விசா மனு ஒப்புதல் தாள்), பாஸ்போர்ட், பேங்க் ஸ்டேட்மென்ட் நாலையும் ஒரே பிடிஎஃப்பா வச்சுக்கிட்டுப் போங்க. பெரிய பில்டிங்னா கேரண்டர் கம்பெனி (வாடகைக்கு உத்தரவாதம் குடுக்கிறது) வழியா வரச் சொல்லுவாங்க, அதுக்குத் தனிக் கட்டணம். தனி ஆள் வீடுன்னா எச்.ஆர். கடிதமே போதும்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலைன்னா எச்.ஆர்.கிட்ட ஹோட்டலை ஒரு வாரம் நீட்டிக் கேளுங்க. சம்பளத்துல நியூயார்க் மாநில வரி பிடிச்சா பயந்துடாதீங்க, இங்க கட்டும்போது அதுக்குக் கழிவு கிடைக்கும். நியூயார்க் சிட்டி வரின்னு ஒரு வரி தனியாப் பிடிச்சிருந்தா மட்டும் பேரோல்ல சொல்லி நிறுத்துங்க, ஆத்துக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு அது கிடையாது.